இரவு விடுதிகளின் டிராக் கலைஞர்கள், அமெரிக்கா 1930–1970: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நகரங்களின் இரவு விடுதிகளில் பெண் வேடமும் ஆண் வேடமும் போட்டு ஆடிப் பாடியவர்களைப் பற்றி எங்கே பேசினாலும், முதல் ஐந்து நிமிடத்துக்குள் அதே சில கேள்விகள் வந்துவிடும். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை பின்னால் வரும். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பல பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகரும்.

டிராக்னா என்ன? நம்ம ஊர் ஸ்திரீபார்ட் மாதிரிதானே?

ஒருவர் எதிர்ப்பாலின உடையும் ஒப்பனையும் அணிந்து மேடையில் ஆடுவது, பாடுவது, பேசுவது டிராக். அந்தக் காலத்து விளம்பரங்களில் "பெண் வேடக் கலைஞர்" என்ற பொருளில்தான் போடுவார்கள். டிராக் என்பது அவர்கள் தங்களுக்குள் புழங்கிய சொல்.

ஸ்திரீபார்ட் என்பது நாடகத்தில் ஒரு பாத்திரம். வள்ளியாக வருபவரை வள்ளியாகவே பார்க்க வேண்டும், ஆண் என்பதை மறக்க வேண்டும். அமெரிக்க நைட்கிளப்பில் அப்படி இல்லை. மேடையில் இருப்பவர் ஆண் என்று தெரிந்துதான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். அது தெரிந்தும் ஒரு நொடி மயங்கிப்போவதுதான் அவர்கள் கொடுத்த காசுக்குக் கிடைத்த ரசனை. அதனால் பல விடுதிகளில் கடைசிப் பாட்டு முடிந்ததும் விக்கைக் கழற்றிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள்.

இவங்க எல்லாருமே திருநங்கைகளா?

இல்லை. சிலருக்கு இது வெறும் தொழில், வீட்டில் மனைவி பிள்ளைகள் இருந்தார்கள். நிறைய பேர் தற்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள். இன்னும் சிலர் தங்களைப் பெண்ணாகவே உணர்ந்தவர்கள். அவர்களுக்குப் பெண் உடையில் சம்பளம் வாங்க அந்த மேடையை விட்டால் வேறு இடம் அநேகமாக இல்லை.

அலீஷியா பிரெவார்ட் இந்த மூன்றாவது வகை. 1960-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபினோக்கியோஸ் விடுதியில் லீ ஷா என்ற பெயரில் ஆடினார். 1962-ல் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பெண் வேடமிடும் ஆண்களின் மேடை அது என்பதால், பெண்ணான பிறகு அங்கே அவருக்கு இடமில்லை. பிற்பாடு நடிகையாக வாழ்ந்தார். மூன்று வகையினரும் ஒரே ஒப்பனை அறையில், ஒரே கண்ணாடி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். யார் எந்த வகை என்று இன்றைய பெயர்களை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் ஒவ்வொருவர் மேலும் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவரவர் தங்களைப் பற்றிச் சொன்னது கிடைத்தால் அதை ஏற்றுக்கொள்வோம்.

"மறைந்த வரலாறு"ன்னு சொல்றாங்களே, அப்போ ஒளிஞ்சு ஒளிஞ்சா ஷோ நடந்துச்சு?

ஃபினோக்கியோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுவிலக்குக் காலத்தில், 1929-ல், திருட்டுத்தனமாகச் சாராயம் விற்கும் இடமாக ஆரம்பித்தது. 1936-ல் ஒரு போலீஸ் ரெய்டு நடந்தது. அதற்குப் பிறகு பிராட்வே தெருவில் 506-ம் எண் கட்டடத்துக்குக் குடிபோனது. 1999-ல் மூடும்வரை அங்கேயேதான் இருந்தது. சுற்றுலா பஸ்கள் வாசலில் வந்து நிற்கும். தேனிலவுத் தம்பதிகள், வெளியூர் வியாபாரிகள், பாட்டிமார்கள் எல்லோரும் வருவார்கள். அச்சடித்த நிகழ்ச்சி மலர், நினைவுக்கு வாங்கிப்போக அஞ்சலட்டை எல்லாம் உண்டு. நகரத்தில் பார்க்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

எனவே ஷோ வெளிச்சத்தில்தான் நடந்தது. ஷோ முடிந்து வீட்டுக்குப் போகும் மனிதர்தான் மறைந்து வாழ வேண்டியிருந்தது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் ஆண் உடையில்தான் இருக்க வேண்டும், வாடிக்கையாளர்களோடு கலந்து பழகக் கூடாது என்றெல்லாம் விடுதியே கட்டுப்பாடு வைத்திருந்தது. போலீஸ் கெடுபிடியில்லாமல் கடை நடத்த உரிமையாளர் ஜோ ஃபினோக்கியோ கொடுத்த விலை அது. அதைச் சுமந்தவர்கள் கலைஞர்கள்.

மேடையில ஆடலாம், தெருவுல நடந்தா கைதா? சட்டம் அப்படியா எழுதியிருந்துச்சு?

கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றாக "தன் பாலுக்கு உரியதல்லாத உடையில்" பொது இடத்தில் தோன்றுவதைக் குற்றமாக்கின. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் 1848-லும் சான் பிரான்சிஸ்கோ 1863-லும் செய்தன. சான் பிரான்சிஸ்கோவில் அந்த விதி 1974 வரை புத்தகத்தில் இருந்தது.

நியூயார்க் கதை விசித்திரமானது. அங்கே போலீஸ் பயன்படுத்தியது 1845-ம் ஆண்டுச் சட்டம். நிலப்பிரபுக்களுக்குக் குத்தகை கட்ட மறுத்துக் கிளர்ச்சி செய்த விவசாயிகள், பூப்போட்ட துணி அங்கியும் முகமூடியும் அணிந்து பூர்வகுடிகள் போல வேடமிட்டு அதிகாரிகளை விரட்டினார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் முகத்தில் சாயம் பூசி மறைப்பது குற்றம் என்று சட்டம் போட்டார்கள். குத்தகைப் பிரச்சினை முடிந்துபோனது, சட்டம் மட்டும் தங்கிவிட்டது. நூறு வருஷம் கழித்து லிப்ஸ்டிக் போட்ட ஆண்கள்மேல் அது பாய்ந்தது.

மேடைக்கு வழக்கத்தில் விலக்கு இருந்தது. ஆனால் அது யார் தயவில் என்பதுதான் கேள்வி. ஜூலியன் எல்டிஞ்ச் என்பவர் 1910-களில் நாட்டின் பெரும் நட்சத்திரங்களில் ஒருவர். நியூயார்க்கின் 42-ம் தெருவில் 1912-ல் அவர் பெயரிலேயே ஒரு தியேட்டர் திறந்தார்கள். அதே மனிதர் வயதான காலத்தில், 1940-ல், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிளப்பில் ஆட வந்தபோது பெண் உடை அணிய போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. தன்னுடைய கவுன்களைப் பக்கத்தில் தொங்கவிட்டு, கோட்டு சூட்டில் நின்றபடி அவற்றைக் காட்டிக் காட்டிப் பாடினார். அடுத்த வருஷமே இறந்துபோனார். இந்த வரலாற்றில் எத்தனையோ ரெய்டுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்தத் துணிகளின் பக்கத்தில் அவர் நின்ற இரவைப் போல வேறெதுவும் என்னை வருத்தவில்லை.

மூணு துணியாவது ஆம்பளை துணியா இருக்கணும்னு சட்டம் இருந்துச்சாமே?

"மூன்று துணி விதி" என்று எல்லோரும் சொல்வது இது. உடலில் குறைந்தது மூன்று துணிகள் "சரியான" பாலுக்குரியவையாக இருந்தால் கைது செய்ய முடியாது என்பார்கள். நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ என்று எல்லா ஊர்க்காரர்களின் நினைவிலும் இது இருக்கிறது. சட்டப் புத்தகங்களைப் புரட்டிய ஆய்வாளர்களுக்கு எந்த நகரத்திலும் இப்படி எழுதப்பட்ட சட்டம் அகப்படவில்லை.

அதற்காக அவர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகிவிடாது. போலீஸ்காரர்கள் கை வழக்கமாக வைத்திருந்த ஒரு கணக்கு வாய்வழியாகப் பரவி விதியாகிவிட்டது என்பதுதான் பொருந்துகிற விளக்கம். உள்ளே ஆண்களின் பனியன், ஆண்களின் சாக்ஸ், ஆண்களின் உள்ளாடை என்று போட்டுக்கொண்டு மேலே கவுன் மாட்டியவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். எழுதாத விதிக்கும் உடம்பு பயப்படத்தானே செய்யும்.

கிளப் எல்லாம் மாஃபியா கையில இருந்துச்சுங்கிறது கட்டுக்கதையா?

நியூயார்க்கைப் பொறுத்தவரை உண்மை. 1933-ல் மதுவிலக்கு முடிந்ததும் மது விற்க மாநில லைசென்ஸ் தேவைப்பட்டது. "ஒழுங்கற்ற இடம்" என்று முத்திரை குத்தினால் லைசென்ஸ் போய்விடும். தற்பாலின ஈர்ப்புள்ளவர்கள் கூடுவதையே ஒழுங்கின்மை என்று எடுத்துக்கொண்டார்கள். நேர்மையாகத் தொழில் செய்ய நினைத்தவர்கள் பக்கத்திலேயே வரவில்லை. போலீசுக்கு மாமூல் கொடுத்துப் பழகியவர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

கிழக்கு 4-ம் தெருவில் 82-ம் எண்ணில் இருந்த கிளப் 82 இதற்குப் பேர்போன உதாரணம். இரண்டாவது அவென்யூவின் 181 கிளப் லைசென்ஸ் இழந்ததும், 1953-ல் இது தலையெடுத்தது. நடத்தியவர் மாஃபியா தலைவர் வீட்டோ ஜெனோவீஸின் மனைவி ஆனா ஜெனோவீஸ். மேடையில் பெண் உடையில் ஆண்கள், மேஜைக்கு மேஜை பரிமாற டக்ஸீடோ கோட்டில் பெண்கள். ஹாலிவுட் நட்சத்திரங்களே வந்து உட்கார்ந்த இடம். ஆடியவர்களுக்கு அங்கே நிலையான வேலையும் ஓரளவு பாதுகாப்பும் இருந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் முதலாளியோடு தகராறு என்றால் முறையிட அவர்களுக்கு யாருமே இல்லை.

ராணுவத்திலயே ஆம்பளைங்க பொம்பளை வேஷம் போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைமுகாம்களில் பெண்கள் இல்லாததால் சிப்பாய்களே பெண் வேடம் கட்டினார்கள். ராணுவமே அதற்கு நாடகப் பிரதிகள் அச்சிட்டு அனுப்பியது. கையில் கிடைத்ததை வைத்து கவுன் தைப்பது எப்படி என்ற மாதிரிப் படங்களும் கூடவே போயின. 1942-ல் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் உருவாக்கிய சிப்பாய்களின் மேடை நிகழ்ச்சி நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் ஓடியது, பிறகு போர்முனைகளுக்கெல்லாம் போனது. பெண் உடையில் ஆடிய சிப்பாய்கள் அதில் ஒரு பெரிய ஈர்ப்பு.

அதே ராணுவம் அதே வருஷங்களில், தற்பாலின ஈர்ப்புள்ளவர்கள் என்று தெரியவந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களை நீலத் தாளில் அச்சிட்ட ஆணை கொடுத்து வெளியேற்றியது. அந்தத் தாள் இருந்தால் முன்னாள் ராணுவத்தினருக்கான சலுகைகள் கிடைக்காது, வேலையும் கிடைக்காது. ஊருக்குத் திரும்ப முகமில்லாமல், கப்பலிலிருந்து இறங்கிய துறைமுக நகரத்திலேயே தங்கிவிட்டார்கள் பலர். சான் பிரான்சிஸ்கோவின் இரவு வாழ்க்கை போருக்குப் பிறகு அப்படிப் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஹோசே சாரியா யாரு? எல்லாரும் அவர் பேரையே சொல்றாங்களே?

சொல்ல வேண்டியவர்தான். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், போரில் ராணுவத்தில் இருந்தவர். ஆசிரியர் ஆக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தபோது ஒழுக்கக்கேடு என்று ஒரு வழக்கில் பிடித்தார்கள். அத்தோடு ஆசிரியர் கனவு முடிந்தது. மான்ட்காமரி தெருவில் பிளாக் கேட் என்ற பாரில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு போகும்போதே பாட ஆரம்பித்தார். அப்புறம் அந்த இடமே அவருடைய மேடை ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தனி ஆளாக ஓபரா நடத்துவார். கார்மென் என்ற புகழ்பெற்ற ஓபராவின் கதையை ஸ்பெயினிலிருந்து தூக்கி சான் பிரான்சிஸ்கோவில் வைப்பார். அவருடைய கார்மென் யூனியன் ஸ்கொயர் பூங்காவில், ஒழுக்கப் பிரிவு போலீசிடமிருந்து தப்பிக்கப் புதர்களில் ஒளிந்து ஒளிந்து ஓடும். கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும், ஏனென்றால் முந்தின இரவு அப்படி ஓடியவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். கடை மூடும் நேரத்தில் எல்லோரையும் கைகோத்து நிற்கச் சொல்லி, பிரிட்டிஷ் தேசியகீத மெட்டில் தங்களைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாட வைப்பார். சில இரவுகளில் வெளியே வந்து, சிறையில் அடைபட்டிருந்த நண்பர்களுக்குக் கேட்கும்படி பாடுவார்கள்.

அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது வேறு. அந்தக் காலத்தில் பிடிபட்டவர்கள் பயத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு ஓடுவார்கள், பத்திரிகையில் பெயர் வந்தால் வேலை போய்விடுமே என்று. "ஒப்புக்கொள்ளாதே, ஜூரி விசாரணை கேள்" என்று சாரியா மேடையிலிருந்தே சொல்லிக்கொடுத்தார். வழக்குகள் குவிந்தன, நீதிபதிகள் ஆதாரம் எங்கே என்று போலீசைக் கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்து ஹாலோவீன் விவகாரம். அந்த ஒரு நாள் வேடம் போடலாம், நள்ளிரவு தாண்டினால் கைது. "ஏமாற்றும் நோக்கம்" இருந்தால்தான் குற்றம் என்பதைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு பையன்" என்று எழுதிய சீட்டுகளை எல்லோருடைய கவுனிலும் குத்திவிட்டார். எழுதியே ஒட்டியிருக்கிறதே, யாரை ஏமாற்றியதாக வழக்குப் போடுவது?

1961-ல் நகரசபை போன்ற நகர மேற்பார்வையாளர் குழுவின் தேர்தலில் நின்றார். தற்பாலின ஈர்ப்பை மறைக்காமல் அமெரிக்காவில் பொதுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் ஆள் அவர்தான். தோற்றார், ஆனால் சுமார் 5,600 ஓட்டு வாங்கினார். இப்படி ஒரு ஓட்டுவங்கி இருக்கிறது என்று அரசியல்வாதிகளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதே குழுவுக்கு, தற்பாலின ஈர்ப்பை மறைக்காத இன்னொருவரான ஹார்வி மில்க் ஜெயித்தது 16 வருஷம் கழித்து, 1977-ல்.

அந்த பிளாக் கேட் பாரை எப்படி மூடினாங்க?

லைசென்ஸ் வழியாகத்தான். உரிமையாளர் சால் ஸ்டூமன் விட்டுக்கொடுக்காமல் வழக்காடியவர். தற்பாலின ஈர்ப்புள்ளவர்கள் வருகிறார்கள் என்பதற்காக மட்டும் ஒரு பாரின் லைசென்ஸை நிறுத்த முடியாது என்று 1951-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். அந்தக் காலத்துக்கு அது மாபெரும் வெற்றி.

மாநிலம் சும்மா இருக்கவில்லை. 1955-ல் மது கட்டுப்பாட்டுக்கென்று தனித்துறை அமைத்து, மாறுவேடத்தில் ஆட்களை உட்கார வைத்து "ஆதாரம்" சேர்த்தது. வழக்குச் செலவில் ஸ்டூமன் ஓய்ந்துபோனார். 1963 ஹாலோவீனுக்குச் சற்று முன்னால் மது லைசென்ஸைப் பறித்தார்கள். அந்த வருஷக் கொண்டாட்டம் மது இல்லாமலே நடந்தது. 1964 தொடக்கத்தில் கடை மூடியது.

கறுப்பினக் கலைஞர்கள் இதுல எங்க இருந்தாங்க? எல்லா போட்டோவுலயும் வெள்ளைக்காரங்கதான் தெரியறாங்க.

ஃபினோக்கியோஸ் போன்ற சுற்றுலா விடுதிகளின் படங்கள்தான் அதிகம் அச்சானவை, அதனால் அப்படித் தெரிகிறது. கறுப்பின மக்களின் பகுதிகளில் இந்தக் கலை இன்னும் பழையது, இன்னும் இயல்பாகக் கலந்தது. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் ஹாமில்டன் லாட்ஜ் என்ற சங்கம் 1869-லேயே வேட நடன விழா தொடங்கிவிட்டது. 1920-கள், 30-களில் அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூடினார்கள். சிகாகோவின் தென்பகுதியில் ஆல்ஃபிரட் ஃபின்னி என்பவர் 1935-ல் ஆரம்பித்த ஹாலோவீன் நடனம், அவர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே ஆண்டுதோறும் நடந்தது. 1950-களில் கறுப்பின வாசகர்களுக்கான எபனி, ஜெட் பத்திரிகைகள் அதைப் படங்களோடு வெளியிட்டன. வெள்ளையர் பத்திரிகைகளில் கைதுச் செய்தியாக மட்டும் வந்த விஷயம் இங்கே ஊர் விழாச் செய்தியாக வந்தது.

நியூ ஆர்லியன்ஸின் டியூ டிராப் இன் விடுதி, இசையில் ஆர்வம் உள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். அதன் மேடையை நடத்தியவர் பேட்ஸி விடாலியா என்ற பெண் வேடக் கலைஞர். ரே சார்ல்ஸ் போன்ற பெரிய பாடகர்கள் வந்து பாடும் மேடையில், அவர்களை அழைத்து அறிமுகப்படுத்துவது கவுன் அணிந்த பேட்ஸி. அங்கே பெண் வேடமிட்டு ஆடிய பாபி மார்ச்சன் 1960-ல் ரிதம் அண்டு ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தார். ராக் அண்டு ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டும் புகழ் பெறுவதற்கு முன் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் இளவரசி லவான் என்ற பெயரில் கவுன் மாட்டி ஆடியவர்தான். ராக் அண்டு ரோல் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த ஒப்பனை அறை வாசலோடு திரும்பிவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

எல்லா இனத்தவரும் ஒரே குழுவில் ஆடியது ஜுவல் பாக்ஸ் ரெவ்யூவில். டேனி பிரவுன், டாக் பென்னர் என்ற இணையர் 1939-ல் மயாமியில் ஆரம்பித்தது. கறுப்பினத்தவர், வெள்ளையர், லத்தீன் அமெரிக்கர், பூர்வகுடியினர் என்று கலந்த குழு, இனப்பாகுபாடு சட்டமாக இருந்த நாட்டில் ஊர் ஊராகப் போனது. ஹார்லெமின் அப்பல்லோ தியேட்டரில் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள்.

பெண்கள் ஆண் வேடம் போட்டதில்லையா?

போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள். ஜுவல் பாக்ஸ் விளம்பரம் "25 ஆண்களும் ஒரு பெண்ணும்". அந்த ஒரு பெண் யார் என்று கூட்டம் கவுன் போட்டவர்களுக்குள் தேடிக்கொண்டிருக்கும். கடைசியில் பார்த்தால், மாலை முழுக்க நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய, சூட் போட்ட, மீசை வைத்த, கட்டைக்குரல் "ஆண்"தான் அந்தப் பெண். அவர் ஸ்டோர்மே டிலார்வரி. கறுப்பினத் தாய்க்கும் வெள்ளையினத் தந்தைக்கும் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், 1955 முதல் 1969 வரை அந்த மேடையில் இருந்தார். தெருவிலும் ஆண் உடையிலேயே நடந்தார்.

அவருக்கு முந்தைய தலைமுறையில் கிளாடிஸ் பென்ட்லி. வெள்ளை டக்ஸீடோ, தலையில் உயரத் தொப்பி, பியானோவை அதிர வைக்கும் கைகள், கேட்டவர்கள் முகம் சிவக்கும் பாட்டுகள். 1920-களின் ஹார்லெமில் 133-ம் தெருவுக்கு ஆட்களை இழுத்தவர். 1937-ல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, சான் பிரான்சிஸ்கோவில் பெண்கள் ஆண் உடையில் பாடுவதற்கென்றே இருந்த மோனாஸ் 440 விடுதியிலும் பாடினார். பிறகு காலம் இறுகியது. கம்யூனிஸ்டுகளையும் தற்பாலின ஈர்ப்புள்ளவர்களையும் ஒரே பட்டியலில் வைத்து வேட்டையாடிய 1950-களில், பென்ட்லி கவுன் அணிந்து எபனி பத்திரிகையில் தோன்றினார். தான் மறுபடி பெண்ணாகிவிட்டதாக 1952-ல் எழுதினார். 1960-ல் இறந்தார். அவர் தோற்றுவிட்டார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பிழைப்பும் வயதான தாயும் இருந்த ஒருவரை அந்த நாடு அந்த மூலைக்குத் தள்ளியது.

பாட்டெல்லாம் அவங்களே பாடினாங்களா, இல்ல இப்போ மாதிரி வாயசைப்பா?

பெரிய விடுதிகளில் ஆர்க்கெஸ்ட்ரா உண்டு, சொந்தக் குரல்தான். டி. சி. ஜோன்ஸ் இப்படிக் கிளப்பில் தேர்ந்து, 1956-ல் பிராட்வே மேடை ஏறினார். ஜுவல் பாக்ஸில் இருந்த லின் கார்ட்டர் 1971-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற இசை அரங்கமான கார்னகி ஹாலிலேயே பாடினார். இசைத்தட்டுக்கு வாயசைப்பது 1960-களில் சின்ன பார்களில் பரவியது, ஆர்க்கெஸ்ட்ரா வைக்க வசதியில்லாததால். மூத்த கலைஞர்கள் அதை மதிக்கவே இல்லை.

யாருமே இந்த விதிகளை நேரடியா எதிர்க்கலையா?

சாரியாவைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இன்னொருவர் சர் லேடி ஜாவா, லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின நடனக் கலைஞர். எல்டிஞ்சைத் தடுத்த அதே ஊர். அங்கே 9-ம் எண் விதி என்று ஒன்று, எதிர்ப்பாலின வேடமிட்டு ஆடுபவர்களைப் போலீஸ் வாரியத்தின் சிறப்பு அனுமதியில்லாமல் விடுதிகள் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1967-ல், நகைச்சுவை நடிகர் ரெட் ஃபாக்ஸின் கிளப்பில் ஜாவா ஆடுவதைத் தடுத்தார்கள். அவர் கிளப் வாசலில் மறியல் செய்தார், அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் உதவியோடு வழக்கும் போட்டார்.

நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. விதி கட்டுப்படுத்துவது விடுதி உரிமையாளரை, ஆகவே அவர்தான் வழக்குப் போட முடியும் என்றது. லைசென்ஸை இழக்க எந்த உரிமையாளரும் தயாராக இல்லை. பிழைப்பு போனவர் ஆடுபவர், கேள்வி கேட்கும் உரிமை முதலாளிக்கு. 1969-ல் அந்த விதி ஒழிந்தது.

ஸ்டோன்வால்ல முதல் குத்து விட்டது ஸ்டோர்மேதானா?

1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க்கில் தற்பாலின ஈர்ப்புள்ளவர்கள் கூடும் ஸ்டோன்வால் இன் பாரில் நடந்த ரெய்டு கலவரமாக மாறியது. போலீசோடு கைகலந்து, வண்டியில் ஏற்றும்போது கூட்டத்தைப் பார்த்துக் கத்திய ஆண் உடைப் பெண் ஒருவரைப் பல சாட்சிகள் குறிப்பிடுகிறார்கள். அது தான்தான் என்று ஸ்டோர்மே பிற்காலத்தில் சொன்னார். சாட்சிகள் சொல்லும் அடையாளங்கள் அவரோடு முழுக்க ஒத்துப்போகவில்லை என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

முதல் குத்து யாருடையது என்று இவ்வளவு சண்டை போடுவதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அதற்கு முந்தைய 14 வருஷம், கறுப்பினப் பெண்ணாக, ஆண் உடையில், ஊர் ஊராகப் போய் ஒரு மேடையைக் கட்டிக் காத்தவர் அவர். பின்னாளிலும் கிரீன்விச் வில்லேஜ் பார்களின் வாசலில் காவலாளியாக நின்று, இளம் பெண்களுக்கு யாரும் தொல்லை கொடுக்காமல் பார்த்துக்கொண்டார். 2014-ல் இறந்தார். இன்னொன்று: ஸ்டோன்வால்தான் முதல் எதிர்ப்பு என்பதும் சரியில்லை. 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில், காம்ப்டன்ஸ் என்ற உணவகத்தில், திருநங்கைகளும் டிராக் அணிந்தவர்களும் போலீஸை எதிர்த்து நின்றார்கள்.

பெண்களைக் கேலி பண்றதுதானே இது? கறுப்பு மை பூசி ஆடின வெள்ளைக்காரங்க மாதிரி?

கேட்க வேண்டிய கேள்விதான். முகத்தில் கரி பூசி கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடைகளில்தான் அமெரிக்கப் பெண் வேடமும் ஒரு பங்கு வளர்ந்தது, அதை மறைக்க முடியாது. கிளப் நிகழ்ச்சிகளில் பெண்களைப் பற்றிய மட்டமான ஜோக்குகள் உண்டு. "கீழைநாட்டு நடனம்" என்ற பெயரில் ஆசியர்களைக் கோமாளியாக்கிய காட்சிகளும் உண்டு. அவற்றை இன்று பார்த்தால் கூசுகிறது.

ஆனால் கரி பூசியவர் ஷோ முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு அதிகாரம் உள்ள வெள்ளையராக வீட்டுக்குப் போனார். டிராக் கலைஞர் விக்கைக் கழற்றிய பிறகும் போலீஸுக்குப் பயந்துதான் நடந்தார். ஆளுக்கு ஆள் வித்தியாசமும் இருந்தது. ஒருவர் பெண்ணை மட்டம் தட்டிச் சிரிக்க வைத்தார், இன்னொருவர் தான் நேசித்த ஒரு பாடகியின் மூச்சு விடும் விதம்வரை பயின்று வந்து அஞ்சலி செய்தார். மொத்தமாக ஒரு தீர்ப்பு சொல்ல நான் மாட்டேன். ஒவ்வொரு மேடையையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பிரபலமா இருந்தது எப்படி மறந்து போச்சு?

மேடைப் பெயர்கள் முதல் காரணம். குடும்பத்துக்குத் தெரியாமல் இருக்க வேறு பெயரில் ஆடினார்கள். இறந்த பிறகு குடும்பத்தினர் கவுன்களையும் போட்டோக்களையும் எரித்த கதைகள் நிறைய. எஞ்சியதில் பெரும்பங்கு போலீஸ் பதிவேடும் பத்திரிகையின் கைதுச் செய்தியும்தான். கைது செய்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து கைதானவர்களின் வாழ்க்கையை மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். 1950-களிலும் 60-களிலும் தற்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய அமைப்புகளே இவர்களைத் தள்ளிவைத்தன. மறியலுக்கு ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிந்து வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். நாங்களும் உங்களைப் போலத்தான் என்று காட்ட வேண்டிய அவசரத்தில், அப்படி இல்லாதவர்கள் சங்கடமாகத் தெரிந்தார்கள். கலைஞர்களுக்குள்ளும் இந்தப் படிநிலை இருந்தது. மானுடவியலாளர் எஸ்தர் நியூட்டன் 1960-களின் நடுவில் சிகாகோவிலும் கான்சஸ் சிட்டியிலும் இவர்களோடு பழகி ஆராய்ந்தார். மேடையில் மட்டும் வேடமிடுபவர்கள், தெருவிலும் அப்படியே வாழ்பவர்களைக் கேவலமாகப் பார்த்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். சட்டம் போட்ட கோட்டை அதற்குப் பலியானவர்களே தங்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டார்கள்.

இன்னைக்குப் போனா பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கா?

இருக்கிறது. எல்டிஞ்ச் தியேட்டர் கட்டடத்தை 1998-ல் அப்படியே தண்டவாளத்தில் நகர்த்தி வைத்தார்கள். 42-ம் தெருவில் இப்போது அது ஒரு மல்டிபிளெக்ஸின் முகப்பு. டியூ டிராப் இன் பல வருஷம் பூட்டிக் கிடந்து, புதுப்பிக்கப்பட்டு 2024-ல் மறுபடி திறந்தது, இசை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. காம்ப்டன்ஸ் இருந்த பகுதியை 2017-ல் நகரம் திருநர் பண்பாட்டு வட்டாரமாக அறிவித்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1985-ல் தொடங்கிய பால்புதுமையர் வரலாற்றுச் சங்கம் அந்தக் காலத்துப் படங்கள், நிகழ்ச்சி மலர்கள், நேர்காணல் ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆராய்ச்சி செய்ய நினைப்பவர்கள் முதலில் அங்கே எழுதிக் கேட்கலாம்.

ஹோசே சாரியாவின் பெயரில் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில் ஒரு தெருத்துண்டே இருக்கிறது. ஹார்வி மில்க் பெயர் தாங்கிய பொது நூலகத்தின் முகவரி இன்று 1, ஹோசே சாரியா கோர்ட்.